கல்வெட்டில் இல்லாத பெயர்

போன மாதம் எங்கள் ஆலயத்தைப் புதுப்பித்து மறுபிரதிஷ்டை செய்தோம். கூரை மாற்றியது, தரைக்கு கிரானைட் போட்டது, மணிக்கூண்டு விரிசலைப் பூசியது என்று எல்லாம் சேர்த்து இரண்டரை வருஷ வேலை. அந்த இரண்டரை வருஷமும் கணக்கு எழுதியவன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலயத்துக்குப் போய், அன்று எத்தனை கொத்தனார் எத்தனை சித்தாள் என்று குறித்து, சிமெண்ட் மூட்டையை எண்ணி, மணல் லோடு வராத நாளில் லாரிக்காரருக்குப் போன் போட்டு, இருட்டிய பிறகுதான் வீடு. ஒரு ஐப்பசி ராத்திரி, கூரை பிரித்துக் கிடந்த சமயம், தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டது என்று வாட்ச்மேன் கூப்பிட்டார். பதினொன்றரை மணிக்கு ஓடிப்போய் அவரும் நானுமாக நனைந்துகொண்டே இழுத்துக் கட்டினோம்.

பிரதிஷ்டை அன்று பேராயர் திரையை விலக்கினார். கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. பேராயர், போதகர், செயலர், பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள், அப்புறம் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தவர்கள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே மேலிருந்து கீழாகப் படித்தேன், திரும்பவும் படித்தேன். என் பெயர் இல்லை.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், "என்ன சார், உங்க பேரைக் காணோமே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். "அதெல்லாம் எதுக்குங்க, மகிமை ஆண்டவருக்குத்தானே" என்று சொன்னேன். சொன்ன வார்த்தை சரியான வார்த்தைதான். ஆனால் அது பொய். அந்த நேரத்தில் எனக்கு ஆண்டவருடைய மகிமையைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை, தொண்டையில் சோறு இறங்கவில்லை. அந்தப் பொய்தான் இதை எழுத உட்கார வைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வேலை ஒன்றை நானே உண்டாக்கிக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு என் மனைவி நேராகவே கேட்டாள். நான் பந்தியில் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் சொன்னேன், எனக்குப் பேரெல்லாம் முக்கியமில்லை என்று. "கோபம்னா கோபம்னு சொல்லுங்க. அதுக்குத் தாழ்மைன்னு பேரு வைக்காதீங்க" என்றாள்.

தாழ்மை என்பது நம் சபைகளில் ஒரு பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. "எளியவனாகிய அடியேன்", "நான் ஒன்றுமில்லை, எல்லாம் கிருபை", "தூசியிலும் தூசியான என்னை ஆண்டவர் எடுத்து உபயோகித்தார்" என்று சாட்சி சொல்லும்போது நம் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும். இந்த வார்த்தைகளை மனசாரச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் நான் சொன்னபோதெல்லாம், "அப்படிச் சொல்லாதீங்க சார், நீங்க எவ்வளவு பெரிய வேலை செய்றீங்க" என்று எதிரில் இருப்பவர் சொல்வாரா என்று காது காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் எழுப்புதல் கூட்டங்களின் பிளெக்ஸ் போர்டுகளைப் பார்த்து, பெயருக்கு முன்னால் இவ்வளவு பட்டமா, முகம் இவ்வளவு பெரிசாகவா என்று நான் முகம் சுளித்தவன்தான். என் முகத்தை யாரும் போர்டு அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று இப்போது தெரிகிறது.

சரி, அப்படியானால் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசையே பாவமா? மூன்று வாரமாக இதைத்தான் வேதத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் கண்ணில் பட்டது எரேமியாவின் 45ஆம் அதிகாரம். மொத்தமே ஐந்து வசனம். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு என்பவர் எழுதுகிறார். என்னைப் போல எழுதுகிற வேலை. ஊர் அழியப்போகிறது, எழுதி எழுதி இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று அவர் புலம்புகிறார். அதற்குக் கர்த்தர், "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்கிறார். என்னைப் பார்த்தே சொன்னது போல இருந்தது. ஆனால் இரண்டு மூன்று தடவை படித்த பிறகு அந்த "உனக்கு" என்ற சொல் தனியாக உறுத்த ஆரம்பித்தது. ஆதியாகமத்தில் பாபேல் கோபுரம் கட்டினவர்கள் தங்களுக்குப் பேர் உண்டாக்கப் பார்க்கிறார்கள், கர்த்தர் அவர்களைச் சிதறடிக்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே ஆபிராமைக் கூப்பிட்டு, கேட்காமலேயே, உன் பேரைப் பெருமைப்படுத்துவேன் என்கிறார். பேர் என்பதே கெட்டது என்றால் அதை ஏன் ஆசீர்வாதமாகக் கொடுக்க வேண்டும்?

மாற்கு எழுதிய சுவிசேஷத்துக்குப் போனால் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. இயேசு தாம் கொல்லப்படப்போவதை மூன்றாம் தடவையாகச் சொல்லி முடித்த கையோடு, யாக்கோபு, யோவான் என்கிற இரண்டு சீஷர்கள் வந்து, மகிமையில் ஒருவனுக்கு வலது பாரிசம் ஒருவனுக்கு இடது பாரிசம் வேண்டும் என்கிறார்கள். மத்தேயு அவர்களுடைய அம்மாவையும் கூடவே வரவைக்கிறார், பிள்ளைக்கு ஒரு நல்ல இடம் கேட்டு வருகிற அம்மாவை நமக்குத் தெரியாதா என்ன. மற்றப் பத்துப் பேருக்கும் எரிச்சல். அந்த எரிச்சலை இத்தனை வருஷம் நான் நியாயமான கோபம் என்றே நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அதுவும் என் பந்தி வருத்தம் மாதிரிதான் தெரிகிறது, இவன் முந்திக்கொண்டானே என்ற வருத்தம்.

இதில் இயேசு என்ன செய்கிறார் பாருங்கள். அந்த இரண்டு பேரையும் பேராசைக்காரர்கள் என்று அவர் துரத்தவில்லை. கேட்கிறது இன்னதென்று தெரியாமல் கேட்கிறீர்கள் என்கிறார், நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்கிறார், முடியும் என்கிறார்கள், சரி குடிப்பீர்கள் என்று ஒப்புக்கொள்கிறார். அப்புறம் எல்லாரையும் உட்காரவைத்து, உங்களில் பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்கிறார். பெரியவனாக விரும்பாதே என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில், வழியில் எதைப் பற்றி வாதாடிக்கொண்டு வந்தீர்கள் என்று அவர் கேட்க, எங்களில் யார் பெரியவன் என்ற சண்டைதான் என்று சொல்ல வெட்கப்பட்டு வாய் மூடி நின்றபோதும் இப்படித்தான். "எவனாகிலும் முதல்வனாயிருக்க விரும்பினால் அவன் எல்லாருக்கும் கடையானவனும், எல்லாருக்கும் ஊழியக்காரனுமாயிருக்கக்கடவன்." ஆசையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. வாய்க்காலை வேறு பக்கம் வெட்டிவிடுகிறார்.

கடையானவன். எங்கள் பக்கத்தில் இந்தக் "கடை" என்ற சொல்லை வேறு மாதிரியும் கேட்போம். நான் பிறந்தது தரங்கம்பாடிக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று பேப்பரில் வரும்போது தலைமடைக்காரர்களுக்கு அது சந்தோஷச் செய்தி. எங்களுக்கு அது காத்திருப்பின் முதல் நாள். மேட்டூரிலிருந்து கல்லணை, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்கு, அப்புறம் கிளையாறு, வாய்க்கால், கன்னிவாய்க்கால், அதற்கப்புறம் நாங்கள்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன், ஆற்றில் இருக்கிற மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குவது, கரையைப் பார்ப்பது, அளவு எழுதி மேலே சொல்வது, முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் யார் முறை எப்போது முடிகிறது என்று பார்த்து மூடுவது, இதெல்லாம் லஸ்கர் வேலை. துறையில் கடைசிப் படி. ஆனால் தண்ணீர் குறைந்த வருஷத்தில் அந்தக் கடைசிப் படியில் நிற்பவனைத் தேடித்தான் எல்லாரும் வருவார்கள். ஐந்து வேலி வைத்திருக்கும் மிராசு வீட்டு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி "இன்னும் ஒரு ராத்திரி விட்டு வையேன்" என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். கேட்கிற தொனியில் மரியாதை இருக்காது, கையில் மடித்த நோட்டு இருக்கும். அப்பா அதிர்ந்து பேசமாட்டார். "முறை முடிஞ்சு போச்சுங்க, கீழ காத்துக் கெடக்கானுவோ" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைச் சுற்றி இறக்குவார். ஒரு தடவை இதற்காக அவரை அடிக்க வந்தார்கள். அப்போதும் கைகட்டித்தான் நின்றார், சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

எங்களுக்கும் இரண்டு மா நிலம் இருந்தது, வாய்க்காலின் கடைசி. லஸ்கர் வீட்டு வயல் என்று அதற்கு ஒரு நாள்கூடத் தண்ணீர் முந்தி வந்ததில்லை. அம்மாவுக்கு இதில் ஆறாத குறை.

இப்படிச் சொன்னவுடன் அப்பாவை ஆசை இல்லாத சாந்தமான மனிதர் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவருக்கு ஆசை இருந்தது, பேராசை என்றே சொல்லலாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு வருஷமும் ஷட்டர் திறந்து எத்தனையாவது நாள் கடைசி வயல் நனைந்தது என்று எழுதி வைப்பார். நாள் குறைந்தால் டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்வார். கூடினால் இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் பேசமாட்டார், எங்கே உடைப்பு, எவன் நடுவில் அணை போட்டான் என்று டார்ச் எடுத்துக்கொண்டு கரையோடு நடப்பார், பாம்புக்குப் பயமில்லை, பனிக்குப் பயமில்லை. அந்தக் கடைசி வயல்காரர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது, லஸ்கர் என்றுதான் சொல்வார்கள். அதைப் பற்றி அவர் யோசித்ததாகவே எனக்கு நினைவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கினாரா என்றால் அதுவும் இல்லை, அவர் நினைப்பு முழுக்க அந்தக் கடைசி வயலில் இருந்தது, தன் பெயரைப் பற்றி நினைக்க இடம் மிச்சமில்லை. தாழ்மை என்றால் இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. தன்னை மட்டம் தட்டிக்கொள்ளும் வழக்கம் அவரிடம் துளியும் கிடையாது.

மதகைப் புதுப்பித்தபோது அங்கேயும் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். அமைச்சர், ஆட்சியர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர் வரை பெயர் இருந்தது. அப்பா பெயர் இருக்காது என்று சொல்லவே வேண்டாம். அந்தக் கல்லில் காக்கை எச்சம் விழுந்தால் ஆற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றித் தேய்த்துக் கழுவுவார். எனக்கு அப்போது பதினாறு, ரோஷம் வந்த வயது. "அவுங்க பேரை நீங்க ஏன் கழுவணும்?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "நம்ம ஷட்டர்ல இருக்கற கல்லுல்ல தம்பி" என்றார்.

நெல் முற்றினால் கதிர் தலை சாயும், அப்படி இருக்க வேண்டும் கிறிஸ்தவன் என்று அறுப்பின் பண்டிகைதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவுக்கு அந்த உவமை பிடிக்காது. பொன்னி நெல் வைத்தவருக்குத் தெரியும், கதிர் தலை சாய்வது வேறு, பயிர் அடியோடு படுத்துவிடுவது வேறு. படுத்த பயிரில் தண்ணீர் நின்றால் நெல் வயலிலேயே முளைவிட்டுப் போகும், அறுக்கவும் முடியாது. எதற்கெடுத்தாலும் "நான் எதுக்கும் லாயக்கில்லை ஐயா" என்று ஒதுங்கி, செய்ய வேண்டிய வேலையை அடுத்தவன் தலையில் விடுகிறவர்களைப் பார்த்தால் அப்பா "பயிர் படுத்துடுச்சு" என்பார்.

தரங்கம்பாடி எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரையில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயருடைய கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த இருபத்து நாலு வயது ஜெர்மானியர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். நான் வாத்தியார் என்பதால் இந்த இடம் எனக்கு எப்போதும் விசேஷம். படித்தவன் மாணவனாகத் திரும்ப உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டாலே எங்களுக்கு எரிச்சல் வருகிறது. அப்படிப் பணிந்து உட்கார்ந்த அதே மனிதர் டேனிஷ் கோட்டைத் தளபதியிடம் பணியவில்லை. ஏழைகள் பக்கம் பேசினதற்காகவும் அதிகாரத்துக்கு அடங்காததற்காகவும் 1708 கடைசியில் டேனிஷ் கோட்டையில் அடைத்தார்கள், நாலு மாதம். வெளியே வந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார், 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. 1719-இல் இறந்தபோது வயது முப்பத்தாறு. தமிழில் வேதம் வேண்டும் என்பது சின்ன ஆசையா? அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஆசை ஒன்றை அந்தக் கரையில் யாரும் பட்டிருக்க முடியாது.

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரும் அப்படித்தான். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், 1798-இல் தஞ்சாவூரில் கண் மூடும் வரை ஊர் திரும்பவே இல்லை. 1779-இல் மதராஸ் கம்பெனி அரசு அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை அரசிடம் ஒப்படைக்கப் போக, அவர்கள் வாங்கவில்லை. தான் வைத்துக்கொள்ளாமல் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார். ஹைதருடைய படையெடுப்பில் டெல்டா பாழாகி, தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, வெளியே நெல் வைத்திருந்த குடியானவர்கள் ராஜாவின் வார்த்தையையும் நம்பவில்லை, கம்பெனியின் வார்த்தையையும் நம்பவில்லை. பணம் வந்து சேரும் என்று சுவார்ட்ஸ் சொன்னதை நம்பித்தான் மாடுகளையும் நெல்லையும் கொண்டுவந்தார்கள். நெல் விற்றுக் காசு வராமல் ஏமாந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அவர் இறந்த பிறகு சரபோஜி மன்னர், கடைசிவரை இந்துவாகவே இருந்தவர், தாமே கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பாட்டு எழுதினார். அதில் உறுதி, பணிவு, ஞானம் மூன்றையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கில் ஒரு சிற்பமும் செய்யவைத்தார். மரணப் படுக்கையில் ஐயர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னர். தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை அதைப் பார்க்கவே போனேன். அவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்காத கல் அது என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

ஆனால் தாழ்மையைப் பற்றிப் பேசும்போது நம் டெல்டாவில் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போனால் அது நேர்மையாகாது. "தாழ்ந்தவன்" என்பது இங்கே ஒரு குணத்தின் பெயராக இருந்ததில்லை, பிறப்பைக் காட்டி முதுகில் ஏற்றிய பெயர். பண்ணையாளாக நின்று, துண்டை இடுப்பில் கட்டி, எதிரே வருகிறவருக்கு வரப்பைவிட்டு இறங்கி வழிவிட்டவர்களின் பிள்ளைகள் எங்கள் சபையிலும் இருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, மற்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் நடந்துகொண்டிருந்த ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து போனார்கள். அந்த மக்களிடம் போய்த் தாழ்மையாயிருங்கள் என்று பிரசங்கம் செய்ய யாருக்கு வாய் வரும்?

சபைக்குள்ளும் இது இருந்தது. தஞ்சாவூர்ச் சபையில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்துப் பாத்திரத்தை யார் முதலில் வாங்குவது என்பதில் எல்லாம் சாதி பார்த்தார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கடிதம் எழுதியபோது பலர் சபையைவிட்டே விலகினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவருடைய பாட்டு என் உயிர். வலது பாரிசம், இடது பாரிசம் கேட்ட சண்டை கர்த்தருடைய பந்தியிலேயே நடந்திருக்கிறது, அதை வேறு எப்படிச் சொல்வது?

அதனால்தான் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை நான் மெதுவாகப் படிக்கிறேன். தேவனுக்குச் சமமாயிருந்தவர் தம்மைத்தாமே வெறுமையாக்கினார் என்று பவுல் எழுதுகிறார். நிறைந்த குடத்தைத்தான் கவிழ்க்க முடியும். வெறும் குடத்தை வைத்திருப்பவரிடம் கவிழ்த்துவிடு என்று சொல்வது கொடுமை. மரியாள் பாடிய பாட்டில் பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார் என்றுதான் வருகிறது. பிரசங்கத்தில் இரண்டாவது பாதிக்கு நாம் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். என் மாணவர்களில் ஒரு பெண், கூலிக்காரர் மகள், கலெக்டர் ஆக வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அவளிடம் பெருமை கொள்ளாதே அம்மா என்று நான் சொல்லப்போவதில்லை. படி, உட்காரு அந்த நாற்காலியில் என்றுதான் சொன்னேன். அங்கே உட்கார்ந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா என்று பார் என்றும் சொன்னேன்.

ஒரு தடவை, பத்து வயது இருக்கும், அப்பா என்னை சைக்கிளில் வைத்துப் பூம்புகார் கூட்டிப்போனார். வழியில் மேலையூரில் கடையணையைக் காட்டினார், காவிரியில் கடைசி அணை. அதற்கு முந்தின கோடை விடுமுறையில்தான் திருச்சி போயிருந்தபோது அகண்ட காவிரியைப் பார்த்திருந்தேன், எதிர்க்கரை தெரியாத மணல். இங்கே நம்ம ஊர் வாய்க்கால் கொஞ்சம் பெருத்தது மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானா காவிரி?" என்றேன். மற்ற ஆறுகள் போகப் போகப் பெருக்கும், இது மட்டும் ஏன் இப்படிச் சிறுத்துப் போகிறது என்று கேட்கத் தெரியாமல் கேட்டேன். குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். "மிச்சமெல்லாம் வயல்ல கெடக்கு தம்பி" என்றார்.

போன வாரம் போதகர் ஐயா போன் செய்தார். "சார், உங்க பேரு விட்டுப்போச்சு. வேணும்னு விட்டது இல்ல. கல்லுக்குக் கீழ எடம் இருக்கு, ஒரு வரி வெட்டிடலாம்னு சொல்லியிருக்கேன்" என்றார். உடனே வாயில் வந்தது அந்தப் பழைய பதில்தான், அதெல்லாம் எதுக்குங்க ஐயா. வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லி, அதை ஐயா நாலு பேரிடம் சொல்ல, அவர்கள் என்னை மெச்ச, அது கல்லில் வருவதைவிடப் பெரிய பெயர் என்று உள்ளே ஒன்று கணக்குப் போடுவது எனக்கே கேட்டது. நாளைக்குச் சொல்கிறேன் ஐயா என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி ஜெபத்தில் வார்த்தை ஒன்றும் வரவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். "ஐயா, வெட்ட வேணாம். ஆனா பேரு இல்லாதது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. மூணு வாரம் அதனாலதான் வரல. தலைவலின்னு சொன்னது பொய்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சார், என் இனிஷியலைத் தப்பா வெட்டிட்டாங்க. திரை விலக்குனதுலேர்ந்து ஆராதனையில நின்னா எனக்கு அதுதான் கண்ணுல படுது. யார்கிட்டயும் சொல்லல" என்றார். போனிலேயே இரண்டு பேரும் ஜெபித்தோம். அவர் எனக்காக, நான் அவருக்காக.

சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். மூன்று வார ரசீது சேர்ந்து கிடந்தது. எலக்ட்ரீஷியன் பாக்கி, பெயிண்ட் கடையில் திருப்பிக் கொடுத்த இரண்டு டின்னுக்கு வர வேண்டிய பணம், இரண்டு வீட்டுச் சந்தா வரவு வைக்காமல் இருந்தது. பின்பக்கம் மழைத் தண்ணீர் வடிகிற குழாயில் இன்னும் ஒரு முழம் போடவில்லை, இப்படியே விட்டால் ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறும் என்று வாட்ச்மேன் கூட்டிப்போய்க் காட்டினார். குனிந்து பார்த்து அளவு எடுத்தோம். ஒன்றே கால் அடி.